ஆறிப்போன கோப்பியும் உன் கல்யாணமும்

பாப்பா,

நேற்று உன் கல்யாணம் முடிந்தது. நாளைக் காலை நீ ஹல்துமுல்லையிலுள்ள புகுந்த வீட்டுக்குப் போகிறாய். வெளியே பந்தலைக் கழற்றுகிறார்கள். வாடகைக் கதிரைகளை லொறியில் ஏற்றுகிறவர்கள் போடும் சத்தத்துக்கு நடுவே இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த மாதிரிக் கடிதங்களை வழக்கமாக நரைத்த தலையுள்ள அப்பாமார்தான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எழுதுவார்கள். எனக்கு இன்னும் ஒரு நரைகூட விழவில்லை. உனக்கும் எனக்கும் பதின்மூன்று வயதுதான் வித்தியாசம். உன் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் "அண்ணனா?" என்று கேட்பார்கள். "அப்பா" என்று முறைத்துக்கொண்டு சொல்லுவேன். உன் அப்பா போன பிறகு அந்த இடத்தில் நின்ற சித்தப்பா நான்தான். அதனால் எழுதும் உரிமை எனக்கு உண்டு, பொறுமைதான் கிடையாது. அழகான எழுத்தையும் எதிர்பார்க்காதே. நான் தேயிலை ஃபெக்டரிகளில் அடுப்பும் மோட்டாரும் வெப்பமானியும் பழுதுபார்க்கிறவன்.

இதை நீ மட்டும் படிக்கப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். சுதர்சன் உன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துப் படிப்பான், பிறகு அவன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவான். காட்டட்டும். அந்த அம்மாதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். "அன்னைக்கு அந்த வீட்ல என்னாதான் நடந்துச்சு சித்தப்பா?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பாய்! "ஒன்னுமில்ல, பேசுனோம், சரிவந்துருச்சு" என்று சொல்லித் தப்பித்துவிட்டேன். அது பொய். அங்கே நான் வாயைத் திறந்ததில் உன் கல்யாணம் இரண்டாவது தடவையும் நின்றுபோகப் பார்த்தது. முதல் தடவை நின்றதும் என்னால்தான் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அது ஏன் என்று விளங்க வேண்டுமென்றால் உன் அப்பாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

உன் அப்பா ஃபெக்டரியில் கொழுந்து காய வைக்கும் அடுப்பில் வேலை செய்தார். விறகு தள்ளுகிற ஆள். அடுப்பை விட்டு நகர முடியாது, சூடு இறங்கினால் தேயிலை கெட்டுப்போகும். கோப்பி குடிக்கக் கிடைக்கிற நேரம் ஒரு மூச்சுதான். கேத்தலிலிருந்து ஊற்றிய கையோடு, குமிழி அடங்குவதற்குள், தொண்டையில் கவிழ்த்துக்கொண்டு ஓட வேண்டும். மலையில் கொழுந்து எடுக்கிறவர்களுக்கும் அதே கதைதான். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிறபோது அங்கே நிற்காவிட்டால் அன்றைய பெயர் போச்சு, சம்பளமும் போச்சு. அதனால் வீட்டில் யாரும் நின்று நிதானமாகக் குடித்ததில்லை. இப்படி அவசரத்தில் வந்த பழக்கம் போகப்போக வீரமாகிவிட்டது. "ஒங்கண்ணன் குடிக்கிற சூட்டுக்கு மத்தவன் நாக்கு வெந்துரும்" என்று நம் லயத்து வரிசை வீடுகளில் பெருமையாகப் பேசுவார்கள். உன் அப்பாவும் அதைக் கேட்டு மீசையைத் தடவிக்கொள்வார். கோப்பி நம் வீட்டுக் கோப்பி. லயத்துக்குப் பின்னால் நின்ற நாலு செடியில் பழம் பறித்து, காயவைத்து, வறுத்து, மல்லியும் சுக்கும் சேர்த்து இடித்தது. அதைக் குடித்த வாயோடு வெற்றிலை, கூடவே ஒரு துண்டுப் புகையிலை.

பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. கஞ்சி மட்டும் கொஞ்ச நாள் இறங்கியது, கடைசியில் அதுவும் நின்றது. உணவுக்குழாயில் புற்றுநோய் என்றார்கள். அந்த நாட்களைப் பற்றி எழுத மாட்டேன், கல்யாண வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததை மட்டும் சொல்கிறேன். "கோப்பி குடிச்சே போயிட்டான்" என்று லயம் முழுக்கப் பேச்சு. உன் அம்மா அந்த நாலு செடியையும் வேரோடு பிடுங்கிப் போட்டார். நம் வீட்டில் கோப்பி என்ற சொல்லே நின்றுபோனது. நான் அப்போதுதான் தொழில்நுட்பக் கல்லூரியை முடித்து வந்திருந்தேன். ஒரு மெஷின் நின்றால், எந்தப் பாகம் என்று தெரியாமல் எல்லாவற்றையும் கழற்றி எறியக்கூடாது என்றுதான் எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். செடியைப் பிடுங்கியது எனக்கு அப்படித்தான் பட்டது. அண்ணனைப் பார்த்த டொக்டரிடமே போய் நின்றேன்.

"டொக்டர், கோப்பிதான் காரணமா? ஆமா, இல்லன்னு ஒரே சொல்லுல சொல்லுங்க."

"ஒரு சொல்லுல சொல்ற மாதிரி நோய் இல்ல தம்பி இது. உட்காருங்க" என்றார்.

எனக்கு உட்காரவும் பொறுமையில்லை. நின்றுகொண்டே கேட்டேன். அவர் சொன்னதன் சுருக்கத்தை உனக்கும் சொல்கிறேன், ஏனென்றால் நீ போகிற வீட்டிலும் இந்தக் கேள்வி வரும். கோப்பிமேல் ஒரு காலத்தில் சந்தேகம் இருந்தது. ஆராய ஆராய, கோப்பியே புற்றுநோயைக் கொடுக்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. ஈரல் புற்றுநோய், கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் இரண்டும் கோப்பி குடிக்கிறவர்களிடம் கொஞ்சம் குறைவாகக்கூடத் தெரிகிறதாம். அதற்காகக் கோப்பியை மருந்து என்று தூக்கி வைக்கவும் கூடாது. கோப்பி குடித்ததால் நன்றாக இருக்கிறார்களா, நன்றாக இருக்கிறவர்கள் கோப்பி குடிக்கிறார்களா என்பதைப் பிரித்துப் பார்ப்பது லேசில்லை. ஆனால் சூடு வேறு விஷயம். அறுபத்தைந்து பாகை செல்சியசுக்கு மேலே கொதிக்கக் கொதிக்க எதைக் குடித்தாலும், கோப்பியோ தேத்தண்ணியோ வெறும் சுடுதண்ணியோ, உணவுக்குழாய்க்கு ஆபத்து இருக்கலாம் என்று சொல்கிறார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி வெற்றிலையோடு போகிற பாக்கும் புகையிலையும்தான். அதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. கடைசியாக டொக்டர் ஒன்று சொன்னார்: "உங்க அண்ணனுக்கு எது காரணம்னு என்னால சொல்ல முடியாது. யாராலயும் முடியாது." அந்தப் பதில் அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது யோசித்தால், அந்த ஆஸ்பத்திரியில் நான் கேட்ட நேர்மையான பதில் அதுதான்.

அன்றிலிருந்து வீட்டில் என் சட்டம் வந்தது. புகையிலை வாசற்படி தாண்டக்கூடாது. கோப்பி வரலாம், ஆனால் அறுபது பாகைக்கு மேலே யார் உதட்டிலும் படக்கூடாது. ஃபெக்டரி வேலைக்கு வைத்திருக்கும் வெப்பமானியை, அந்த ஊசி மாதிரி குச்சியை, நான் கோப்பைகளில் விட ஆரம்பித்தது அப்போதுதான். நீயும் உன் சித்தியும் அதற்கு வைத்த பேரை எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். உன் சிநேகிதிகள் வந்தால், "எங்க சித்தப்பா கோப்பிக்குக் காய்ச்சல் பாப்பாரு" என்று சொல்லிச் சிரிப்பாய். சிரித்துவிட்டுப் போ என்று விட்டுவிட்டேன். உன் அம்மாவே ஒரு நாள் பண்டாரவளைச் சந்தையிலிருந்து இரண்டு கோப்பிக் கன்று வாங்கிவந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், பின்பக்கம் நட்டார். அதைவிட எனக்கு வேறு சான்றிதழ் வேண்டாம்.

இப்போது பெண் பார்த்த நாளுக்கு வருகிறேன். நீயும் சுதர்சனும் பண்டாரவளையில் கணினி வகுப்பில் பழகியது எங்களுக்குத் தெரியும். நீ கைதொலைபேசியைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கிற அழகு நம் ஊர் ஹாலிஎலைக்கே தெரியும். பெரியவர்கள் முறைப்படி வந்து பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அவன் அப்பா தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர், முறை தவறினால் முகம் மாறுகிற ஆள் என்று சுதர்சன் முன்கூட்டியே எச்சரித்திருந்தான். வாடகைக்கு வான் வண்டி பிடித்து உறவுக்காரர்களோடு வந்து இறங்கினார்கள். வெளியே மழை, குளிர் எலும்பில் ஏறுகிறது. உள்ளே நம் வீட்டுக் கோப்பி மணக்கிறது. நீ பச்சைச் சேலையில் தட்டை ஏந்தி நிற்கிறாய். நான் என்ன செய்தேன்? "இரு, இரு" என்று உன்னைச் சமையலறை வாசலில் மறித்து, ஒவ்வொரு கோப்பையிலும் குச்சியை விட்டேன்.

"சித்தப்பா, இன்னைக்கு மட்டும் விடுங்களேன்."

"இன்னைக்குத்தான் முக்கியம். வந்தவங்க தொண்டையும் தொண்டதான்."

அண்ணி, அதாவது உன் அம்மா, பின்னாலிருந்து, "சீக்கிரம் தம்பி, அவங்க வெறுங்கையோட ஒக்காந்திருக்காங்க" என்றார். ஒன்று அறுபத்தெட்டு காட்டியது, பொறுத்திருந்தேன். இன்னொன்று அறுபத்திரண்டு, அதற்கும் பொறுத்திருந்தேன். மரியாதைக்கு முதலில் கொடுக்க வேண்டியது சம்பந்தியின் கோப்பை என்பதால் அதைத்தான் முதலில் அளந்து ஓரமாக வைத்தேன். மற்ற எல்லாம் அறுபதுக்கு இறங்கி நீ தட்டோடு கூடத்துக்குப் போனபோது, முதலில் அளந்த அந்தக் கோப்பை குளிருக்கு நன்றாக ஆறிப்போயிருந்தது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஊரிலேயே கொதிக்கக் குடிக்கிறவர் என்று பெயர் வாங்கிய மனுஷன் வாயில் பச்சைத்தண்ணி மாதிரி ஒரு கோப்பி. படித்தவன் செய்கிற பிழை எப்போதும் இப்படித்தான் இருக்கும், கணக்கு சரியாக வரும், கோப்பி ஆறிப்போகும்.

அவர் ஒரு மிடறு குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப நாங்க கெளம்புறோம்" என்றார். முறுக்கைக்கூடத் தொடவில்லை. வான் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும் வரைக்கும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாலையில் சுதர்சன் உனக்குப் போன் பண்ணிச் சொன்ன பிறகுதான் விஷயம் வெளிச்சமானது. அவர்கள் பக்கத்துச் சொந்தத்தில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். வந்தவர்களிடம் வாயால் "வேண்டாம்" என்று சொல்லக்கூடாது. சம்மதமென்றால் கோப்பி சுடச்சுட வரும். சம்மதமில்லையென்றால் ஆறினதைக் கொடுப்பார்கள், வந்தவர்களும் புரிந்துகொண்டு மரியாதையாக எழும்பிப் போய்விடுவார்கள். நாம் உன்னைக் கொடுக்க மாட்டோம் என்று சொல்லி அனுப்பியதாக அவர் எடுத்துக்கொண்டார். மகன் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையாம். "நீ பேசாத. ஒனக்குக் காதல் கண்ண மறைக்குது. கோப்பி பொய் சொல்லாது" என்றாராம். நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். உன் சித்தி என்னைப் பார்த்த பார்வையை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது.

அண்ணிதான் முடிவெடுத்தார். "போனுல பேசுனா வார்த்த வேற மாதிரி போகும். நேர்ல போவோம்." அவரும் நானும் பஸ் ஏறினோம். பண்டாரவளையில் இறங்கி மாறி, ஹப்புத்தளையில் பனி மூடிய வளைவுகள் தாண்டி, ஹல்துமுல்லையில் இறங்கும் வரைக்கும் அண்ணி ஒரே ஒரு சொல்தான் சொன்னார். "அங்க நீ ஒன்னும் பேசாத." நானும் தலையை ஆட்டினேன். ஆட்டியது உண்மை.

வாசலில் சுதர்சன் நின்றான். முகம் காய்ச்சல்காரன் மாதிரி. அவன் அம்மா "வாங்க வாங்க, உள்ளுக்கு வாங்க" என்று அண்ணியின் கையைப் பிடித்து அழைத்துப்போனார். உன் மாமனார் கதிரையிலிருந்து அசையவில்லை. எங்களைப் பார்க்காமல் சமையலறைப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"கோப்பி போடு. கொதிக்கக் கொதிக்கப் போடு. நம்ம வீட்டுக்கு வந்தவங்கள நாம அவமானப்படுத்துறதில்ல."

கோப்பி வந்தது. ஆவி முகத்தில் அடித்தது. அவர் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே தன் கோப்பையை ஒரே மூச்சில் கவிழ்த்தார், உன் அப்பா மாதிரியே. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. என் கோப்பையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்னா தம்பி, வெசமா கலந்துருக்கோம்? குடிங்க."

அண்ணி ஒன்றும் பேசாதே என்று சொன்னாரே தவிர, ஒன்றும் செய்யாதே என்று சொல்லவில்லை. என் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போய்விட்டது. குச்சியை எடுத்துக் கோப்பையில் விட்டேன். அண்ணி என் முழங்கையை இடித்தார், அதற்குள் இலக்கம் வந்துவிட்டது. இலக்கம் வந்தால் சத்தமாக வாசிப்பது என் தொழில்.

"எண்பத்திரண்டு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தேயில அடுப்புல இருக்க வேண்டியத தொண்டையில ஊத்துறீங்க மாமா. எங்கண்ணன் இப்புடித்தான் குடிச்சாரு. தொண்டையில புத்து வந்துதான் செத்தாரு."

பாப்பா, கல்யாணம் பேசப் போன வீட்டில், நடுக் கூடத்தில், சாவையும் புற்றுநோயையும் ஒரே மூச்சில் இறக்கி வைத்தவன் உன் சித்தப்பாதான். உன் மாமனார் எழும்பிவிட்டார்.

"நல்ல காரியம் பேச வந்த எடத்துல சாவா பேசுறீங்க? மொத நாளு ஆறின கோப்பி. இன்னைக்கு இது. பொண்ணு இல்லன்னு இன்னும் எத்தன விதமா சொல்லுவீங்க?"

சுதர்சன் "அப்பா..." என்றான். "நீ சும்மா இரு!" என்றார் அவர். அப்போது உனக்கு அந்தக் கல்யாணம் கையை விட்டுப் போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். வீட்டுக்குத் திரும்பி உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வராது என்று தெரிந்தது. பஸ்ஸில் ஏறி அம்பாந்தோட்டைப் பக்கம் எங்கேயாவது போய்விடலாமா என்றுகூட நினைத்தேன், உண்மையாக.

அண்ணி உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. அவனுக்கு வாய் அப்புடித்தான், மனசு அப்புடி இல்ல. எம் புருசன் படுத்துக் கெடந்தப்ப கரண்டியில பால் ஊத்துனது இவன்தான். அது எறங்கல. அதுலேர்ந்து இந்தக் குச்சியத் தூக்கிக்கிட்டு அலையுறான். ஒங்களுக்கு ஆறினது குடுக்கணும்னு இல்லண்ணே. ஒங்க தொண்ட வேகக்கூடாதுன்னுதான்."

அவர் மெதுவாக உட்கார்ந்தார். குரல் இறங்கியது, ஆனால் பிடி இறங்கவில்லை. "அது வெளங்குது தங்கச்சி. ஒங்க கஷ்டம் வெளங்காம இல்ல. ஆனா எங்க பக்கத்துல ஆறின கோப்பின்னா ஒரே அர்த்தந்தான். எங்க சொந்தக்காரங்க அத்தன பேரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட இந்தக் கல்யாணத்த நடத்துறது?"

சமையலறை வாசலில் உன் மாமியார் நின்றுகொண்டிருந்தார். எல்லோருக்கும் கொடுத்து முடித்து, கேத்தலின் அடியில் மிஞ்சியதைத் தனக்கு ஊற்றிக்கொண்டு, நின்றபடியே குடிக்கப் போனவர்.

"என்னாங்க, நான் ஒன்னு கேக்கட்டா?"

"கேளு."

"நான் இந்த வீட்டுக்கு மருமகளா வந்த நாள்லேர்ந்து ஆறின கோப்பிதான் குடிக்கிறேன். மாமாவுக்கு, அத்தைக்கு, ஒங்களுக்கு, புள்ளைங்களுக்கு, வர்றவங்களுக்கு, எல்லாருக்கும் குடுத்துட்டு நான் கையில எடுக்குறப்ப அது எப்பவும் ஆறித்தான் போயிருக்கு. ஆறின கோப்பின்னா வேண்டாம்னுதான் அர்த்தம்னா, இத்தன வருசமா இந்த வீட்டுக்கு நான் வேண்டாதவளா?"

கோபமாகக் கேட்கவில்லை. விளையாட்டாகவும் கேட்கவில்லை. மீன் விலை கேட்கிற மாதிரி, பதில் தெரிந்தால் நல்லது என்கிற மாதிரி கேட்டார். உன் மாமனார் எழும்பிப் போய் உன் மாமியார் கையிலிருந்த கோப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

"பச்சத்தண்ணியா இருக்கே..."

"இன்னைக்குத்தான் தொட்டுப் பாக்குறீங்க."

முதலில் சிரித்தது சுதர்சன். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு அண்ணி. பிறகு, நம்ப மாட்டாய், அந்தப் பெரிய கங்காணியே தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நான் நம் வீட்டுச் சமையலறையை நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமாக எல்லோர் கோப்பையிலும் குச்சி விட்டிருக்கிறேன். என்னுடையது, உன்னுடையது, விருந்தாளிகளுடையது, தபால்காரருடையதுகூட. அண்ணியின் கோப்பையில் ஒருநாளும் விட்டதில்லை, உன் சித்தியின் கோப்பையிலும் விட்டதில்லை. அளக்கத் தேவையே வந்ததில்லை, அதில் அளப்பதற்குச் சூடே மிஞ்சியிருந்ததில்லை. அண்ணி காலைப் பெரட்டுக்கு ஓடிய காலத்தில் எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, மிஞ்சியதை வாசலில் நின்று விழுங்கிவிட்டு ஓடியதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். அவர் தொண்டைக்கு ஆபத்தில்லை என்று திருப்திப்பட்டிருக்கிறேனே தவிர, ஏன் அவருடையது மட்டும் ஆறியிருக்கிறது என்று கேட்டதில்லை.

இதனால்தான் உனக்குச் சொல்கிறேன். நாளை முதல் அந்த வீட்டில் கோப்பி போடு, நன்றாகப் போடு, நீயும் குடி, கோப்பிக்குப் பயப்படாதே. சோற்றோடு சேர்த்துக் குடிக்காதே, சாப்பாட்டிலிருந்து இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது கெடுக்கும். நம் பக்கத்துப் பெண்களில் பாதிப்பேர் இரத்தமில்லாமல்தான் நடக்கிறார்கள். சீனியைக் குறை. வயிற்றில் பிள்ளை வந்தால் எவ்வளவு குடிக்கலாம் என்று கிளினிக்கில் கேட்டு அதன்படி நட. மாமனார் வெற்றிலையில் புகையிலை வைத்தால் எனக்குச் சொல், நான் வந்து திட்டுகிறேன், நீ நல்ல மருமகளாகவே இரு. ஆனால் ஒன்றை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதே. எல்லோருக்கும் ஊற்றிவிட்டு நின்றுகொண்டு குடிக்காதே. உன் கோப்பையும் தட்டில் சேர்ந்தே வரட்டும். நீயும் உட்கார். ஒரு நாள் நீ ஊற்று, ஒரு நாள் சுதர்சன் ஊற்றட்டும், அவனுக்குக் கை இருக்கிறது, பார்த்தேன். நான் அறுபது பாகை என்று கத்திக்கொண்டிருந்ததெல்லாம் ஆறும் வரைக்கும் காத்திருக்க நேரம் உள்ளவர்களுக்குத்தான் உதவும். அந்த நேரம் வீட்டில் ஒருத்திக்கு மட்டும் இல்லையென்றால் அந்த வீட்டில் ஏதோ பழுது. பழுதென்றால் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு மிச்சம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன், லொறிக்காரன் கதிரைக் கணக்கில் ஒன்று குறைகிறது என்று சத்தம் போடுகிறான்.

சிரிப்பு அடங்கியதும் உன் மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனார். உள்ளே பாத்திரங்கள் உருண்டன. "சீனி எங்கடி வச்சிருக்க?" என்று ஒரு குரல். "ஒங்க கண்ணுக்கு முன்னாலதான்" என்று உன் மாமியார். கடைசியில் ஒரே ஒரு கோப்பையோடு வெளியே வந்தார், சொட்டு சொட்டாகத் தரையில் சிந்திக்கொண்டே. அதைத் தன் பெண்சாதியிடம் கொடுத்தார். எங்களுக்கு முன்னால், மகனுக்கு முன்னால், தன் கதிரையைக் காட்டி, "ஒக்காரு, ஒக்காந்து குடி" என்றார். அந்த அம்மா கூச்சத்தோடு நுனியில் உட்கார்ந்து உதட்டில் வைத்தவர், துள்ளிப்போனார்.

"ஆத்தி! சுடுது!"

அப்படி ஒரு ஆச்சரியம் அந்த முகத்தில். இத்தனை காலம் தன் கையாலேயே போட்டுக் கொடுத்த சாமான் இப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கோப்பையைக் கீழே வைக்கவும் மனமில்லை. சேலைத் தலைப்பால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி, மெல்ல மெல்ல ஊதினார். யாரும் அவசரப்படுத்தவில்லை. நான்கூட. உன் மாமனார் பக்கத்தில் நின்று அது ஆறும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மா குடித்து முடித்த பிறகுதான் உன் கல்யாணத்துக்கு நாள் பார்த்தோம்.

உன் சித்தப்பா